காரில் கூலண்ட் குறைகிறதா, வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். அதற்கு முன்பு அப்பாவுடன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்று மோட்டார் பழுது பார்த்தேன். கார் வேலைக்கு வந்தபோது எனக்கு முதலில் பிடிபட்ட பாகம் வாட்டர் பம்ப்தான். கிணற்றில் ஓடும் பம்ப்புக்கு அது தம்பி முறை. கொங்கு நாட்டில் பம்ப் பற்றி ஒன்றுமே தெரியாத வீடு குறைவு. ஆனால் தோட்டத்தில் அத்தனை கவனமாக இருப்பவர்கள்கூட, காரில் தண்ணீர் குறைந்தால் ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

மாதம் அரை லிட்டர் ஊற்றினால் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன?

கூடாது. பெட்ரோல் எரிந்து தீரும், கூலண்ட் தீராது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் அது. வாட்டர் பம்ப் தள்ள, இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மூடிய குழாய்ப் பாதையில் சுற்றிச் சுற்றி வருகிறது. அளவு குறைந்தால் எங்கோ வழி கண்டு வெளியேறியிருக்கிறது என்றுதான் பொருள். தொட்டியில் தண்ணீர் மட்டம் தினமும் ஒரு சாண் இறங்கினால் நாம் மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொண்டா இருப்போம்? சுவரில் எங்கே விரிசல் என்று தேட மாட்டோமா?

பல்லடம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று மாதமாக ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஒழுகியது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். அதன் கிளிப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் ஊற்ற மறந்து வெள்ளகோவில் வரை ஓட்டியதில் இன்ஜின் காய்ந்து, அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. ஒரு கிளிப்பில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாக மாறியது. அந்தச் செலவுச் சீட்டை எழுதும்போது எனக்குக் கை வரவில்லை.

அளவை எப்போது பார்க்க வேண்டும்?

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் சூடானால் கூலண்ட் விரிந்து மட்டம் ஏறிவிடும். மாலையில் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை. ரிசர்வ் டேங்க்கில் மேல் கோடும் கீழ் கோடும் இருக்கும். இன்றைய மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து அதே போலக் காலையில் பாருங்கள். புதிதாகக் கூலண்ட் மாற்றிய முதல் சில நாள்களில் உள்ளே தங்கிய காற்று வெளியேறி மட்டம் சற்று இறங்கலாம். அதைத் தவிர எந்த இறக்கத்துக்கும் காரணம் தேட வேண்டும்.

காருக்கு அடியில் ஈரம் தெரிகிறது. ஏசி தண்ணீரா, கூலண்டா?

தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் வெறும் தண்ணீர். நிறமும் மணமும் இருக்காது, பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நேர் கீழே சொட்டும். கூலண்ட் விரலில் வழவழக்கும், சாயம் தெரியும், லேசான இனிப்பு வாசனை வரும். சுவைத்துப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு. இரவில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரித்து வைத்தால் காலையில் சொட்டின் நிறமும் தெரியும், எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது என்பதும் தெரியும். ஆனால் முழு நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். இன்ஜினில் விழும் சொட்டு, அங்கங்கே தடுக்கி வழிந்து வேறு மூலையில் வந்து விழும். எப்போதும் ஈரம் தொடங்கும் உயரமான இடத்தைத்தான் தேட வேண்டும்.

கீழே ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அளவு குறைகிறது. எங்கே போகிறது?

இதுதான் என் பட்டறையில் அதிக நேரம் எடுக்கும் கேள்வி.

சூடான இடத்தில் மெல்லக் கசியும் கூலண்ட் சொட்டாக விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். ஆனால் தடயம் விட்டுப் போகும். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: ஹோஸ் முனைகளில், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் ஓரத்தில், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியைச் சுற்றி, பம்ப்புக்கு அடியில், வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்தது போன்ற படிவு இருக்கும். அதுதான் கசிந்து காய்ந்த கூலண்ட். ஹோஸைக் குளிர்ந்த நிலையில் அழுத்திப் பாருங்கள். சப்பாத்தி மாவு போல அமுங்கினாலும் தவறு, கருகி மொறுமொறுத்தாலும் தவறு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கார் நிறுத்துகிறவர்கள் எலிக் கடியையும் சேர்த்துத் தேட வேண்டும்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்று ஏற்ற வேண்டும். 0.9 அல்லது 1.1 பார் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால், அந்த அழுத்தத்தில் கசியும் இடம் தானே நனைந்து காட்டிக்கொடுக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே செய்யலாம், கை சுடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘ரேடியேட்டரை மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் நனையவில்லை என்றால் மிஞ்சுவது இரண்டு இடம். ஒன்று, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர். அது ஒழுகினால் காருக்குள் இனிப்பு வாசனை வரும், முன்பக்கக் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும், கால் மிதிக்கும் கம்பளம் நனையும். இன்னொன்று ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாட்டர் பம்ப் கெட்டுப்போகிறது என்பதை எப்படி அறிவது?

‘பம்ப் என்றால் ரெண்டு சொட்டு விழத்தானே செய்யும்’ என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது அவருடைய கிணற்று மோட்டாருக்குச் சரி. தண்டைச் சுற்றி ஒழுகாமலிருக்கக் கிளாண்ட் கயிறு திணித்த பம்ப்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டையும் கயிற்றையும் குளிர்விக்கிறது. ஒரேயடியாக இறுக்கிவிட்டால் கயிறு கருகும், தண்டு தேயும். காரின் பம்ப்பில் கயிறு கிடையாது. மெக்கானிக்கல் சீல்தான் இருக்கிறது: இரண்டு வழுவழுப்பான வளையங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுற்ற, அவற்றுக்கிடையே மயிரிழைப் படலமாக நிற்கும் கூலண்டே எண்ணெய் போல உதவுகிறது. அங்கிருந்து சொட்டு விழக் கூடாது.

அந்த சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில், பம்ப்பின் உடம்பில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்து ஒழுகும் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்கான வழி அது. நமக்கு எச்சரிக்கையும் அதுதான். துளையைச் சுற்றி லேசான பழைய கறை மட்டும் இருந்தால் கவனித்து வரலாம். ஈரம் இருந்தால், சொட்டு வந்தால், பம்ப்பை மாற்றுங்கள். எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்துக் கொண்டுவந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அடைத்த தண்ணீர் பேரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கழுவிவிட்டது.

அடுத்தது பேரிங். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, பம்ப் புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. கையால் சுற்றினால் மணல் அரைபடுவது போல உணர்ந்தாலும் அது போய்விட்டது. ஓடும்போது இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைச் சத்தமோ அரைபடும் சத்தமோ வரும். பெல்ட்டின் மற்ற உருளைகளும் டைனமோவும் இதே போலக் கத்தும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வெளியே ஒழுகாமலேயே பம்ப் கெடுமா?

கெடும், அதுதான் ஆளை ஏமாற்றும். வெறும் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான தகட்டு இம்பெல்லரின் இதழ்கள் துருத் தின்று மொட்டையாகியிருக்கும். சில பம்ப்களில் பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டின் பிடியிலிருந்து வழுக்கும். புல்லி சுற்றும், உள்ளே தண்ணீர் நகராது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் சுற்று ஓடவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டாலும், ரேடியேட்டர் அடைத்தாலும் இதே அடையாளம் வரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுத் தெர்மாமீட்டருடன் பார்க்கலாம். பெரும்பாலானவை 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது திறந்தால், சந்தேகம் பம்ப் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் திரும்பும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது. இதுவும் பம்ப்பா?

பெரும்பாலும் இல்லை. அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறுகிறது, சேலம் சாலையில் வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் கொடுக்க வேண்டும். மாறாக, நகருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் பம்ப், உள்ளே அடைத்த ரேடியேட்டர், குறைந்த கூலண்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊரில் ஒன்றும் இல்லை, ஊட்டி போனால் மட்டும் பொங்குகிறது. ஏன்?

முதலில் மூடியைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடி சும்மா மூடி அல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. 0.9 பார் மூடி ஒழுங்காக வேலை செய்தால் சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் இன்னும் உயரும். மூடியின் ரப்பர் கிழிந்துபோனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் இயல்பாக ஓடும் வெப்பமே கிட்டத்தட்ட அவ்வளவு. அதனால்தான் காங்கேயத்தில் தெரியாத மூடிக் கோளாறு மேட்டுப்பாளையம் தாண்டி ஏறியதும் வெளிப்படுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. குறைந்த கியரில், அதிக சுழற்சியில், மெதுவாக ஏறும்போது இன்ஜின் வெப்பம் கூடும், எதிர்க்காற்று குறையும். இந்தப் பாதைகளுக்குப் போவதற்கு முன் மூடியைச் சோதித்துக்கொள்வது மிகச் சிறிய செலவு.

இறங்கும்போது எரிபொருளை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பம்ப் நின்று சூடான ஹெட்டில் தண்ணீர் தேங்குவது இருக்கட்டும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியே போய்விடும்.

போர்த் தண்ணீரை ஊற்றலாமா?

வழக்கமாக ஊற்றக் கூடாது. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் கீசர் காயிலில் எப்படி வெள்ளையாகப் படிகிறது என்று பாருங்கள். அதே சுண்ணாம்பு இன்ஜினுக்குள்ளும் படியும். ரேடியேட்டரின் நுண்குழாய் அடைக்கும். சீலின் வழுவழுப்பான முகத்தை அந்தத் துகள் மணல் தாள் போலத் தேய்த்துவிடும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டாருக்கு இந்தத் துன்பம் குறைவு. ஆனால் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் துருத் தடுப்பு மருந்து அதில் இல்லை. கலந்தே விற்கும் கூலண்டை வாங்குங்கள். அடர்கூலண்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த நீரில், டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் கலக்குங்கள். அந்த நீர் வேறு, பேட்டரி அமிலம் வேறு. கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

நடு வழியில் வேறு வழியே இல்லையென்றால் கிடைத்த சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பட்டறை வரை வரலாம். வந்ததும் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

மஞ்சள் தூள் போட்டால் ரேடியேட்டர் ஓட்டை அடைபடுமாமே?

சிறு ஓட்டை அடைபடும், உண்மைதான். லாரிக்காரர்கள் காட்டுப் பாதையில் வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கக் கண்ட வழி அது. அவர்களின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. இன்றைய கார் ரேடியேட்டரின் குழாய்களும் ஹீட்டர் கோரின் குழாய்களும் மிகக் குறுகியவை. ஓட்டையோடு அவையும் அடைபடும். கடையில் பாட்டிலில் விற்கும் கசிவடைப்பு மருந்துக்கும் இதே பதில். வாட்டர் பம்ப் சீலையும் ஹெட் கேஸ்கெட்டையும் இரண்டுமே குணப்படுத்தாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஆகாது என்கிறார்களே?

நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, சில பட்டறைக்காரர்களுக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வரத் தாமதமாகும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதிதான் குறுக்கு வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பி, சூடு கூடத்தான் செய்யும். கெட்டிருந்தால் புதியதைப் போடுங்கள்.

நடு வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் வையுங்கள். வியர்க்கும், ஆனால் அது இன்ஜின் சூட்டை இழுக்கும் இரண்டாவது ரேடியேட்டர். பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஆவி அடித்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஒரு கிலோமீட்டர்கூடப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். ஈரத் துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் திறந்த நொடியில் கொதித்துச் சீறும். முகத்திலும் கையிலும் வெந்த தழும்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகட்டும். ஹோஸைத் தொட்டால் சுடாமல், அமுக்கினால் அமுங்கும் நிலைக்கு வந்த பிறகு திறங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பண்ணாரியிலிருந்து திம்பம் வரையுள்ள 27 வளைவுகளில் இது நடந்தால் காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கி நடமாட வேண்டாம். யானை நடமாடும் இடம். சத்தியமங்கலம் வழியாக மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் பண்ணாரி கோவிலில் நிறுத்தும்போதே, போனட்டைத் திறக்காமல் அடியில் சொட்டு விழுகிறதா, இனிப்பு வாசனை வருகிறதா என்று கவனியுங்கள்.

முள்ளைப் பற்றி இன்னொன்று: கூலண்ட் முழுதும் வடிந்துவிட்டால் சென்சாரைத் தொடுவதற்குத் தண்ணீரே இருக்காது. அப்போது முள் இறங்கிக்கூடக் காட்டும். ஆவியும் சத்தமும் ஒன்று சொல்ல முள் வேறொன்று சொன்னால் ஆவியை நம்புங்கள்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று இன்ஜினைப் பிரிக்காமல் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். சூடான பிறகும் புகைக்குழாயில் நிற்காமல் இனிப்பு வாசனையுள்ள வெண்புகை. ஆயில் மூடியில் டீயில் படியும் ஏடு போன்ற பழுப்பு நுரை. காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவது. டேங்க்கில் இடைவிடாத குமிழி. ஆயில் மூடியில் நுரை மட்டும் இருந்து மற்ற அடையாளம் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் அது வரும். உறுதிப்படுத்த, டேங்க்கின் வாயில் வரும் காற்றை நீலத் திரவம் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

பம்ப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

உங்கள் காரில் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றுகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான். பழைய கேஸ்கெட் துணுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புதிய பம்ப்பைப் பொருத்தினால் மறுபடியும் ஒழுகும்.

கூலண்ட் ஊற்றியபின் காற்றை வெளியேற்ற வேண்டும். கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் ஃபுட் வால்வ் பிடிக்காத பம்ப் காற்றை வாங்கிக்கொண்டு சும்மா சுற்றுமே, அதே நிலை இங்கும் வரும். ஏர் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறியபின் மட்டத்தைச் சரி செய்ய வேண்டும். அவசரப்பட்டு வண்டியைக் கேட்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் புதிய சீலும் சில நிமிடங்களில் கருகும்.

பச்சையா, சிவப்பா, நீலமா?

நிறம் வெறும் சாயம். காரின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள்; நம் நாட்டுத் தரக் குறியீடு ஐ.எஸ். 5759. வேறு வேறு வகைகளைக் கலந்தால் துருத் தடுப்புத் திறன் குறையும், சில கலவைகள் கூழாகவும் திரளும்.

வடித்த பழைய கூலண்டை எங்கே ஊற்றுவது?

கிணற்றடியிலும் வாய்க்காலிலும் தென்னை வேரிலும் ஊற்றாதீர்கள். அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். குறைந்த அளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயிலைச் சேகரிக்கிற பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். இரண்டையும் ஒரே கேனில் கலக்க வேண்டாம். தரையில் சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் கார் நிறுத்துகிறவர்கள் சொட்டு விழும் நாள்களில் கன்றை வேறு இடத்தில் கட்டுங்கள். வளர்ப்பு விலங்கு நக்கியது தெரிந்தால், அது தள்ளாடும் வரை காத்திராமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குடித்தது கூலண்ட் என்று சொல்லுங்கள், டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.